பேரேட்டு மனிதர்கள் எழுதிய புத்தகங்கள்

இந்த ஆண்டு நான் படித்தவற்றுள் என் மனத்தை முழுவதும் ஆட்கொண்டவை மூன்று: ஒன்று ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' என்னும் நாவல், மற்றொன்று ஏ. கே. செட்டியாரின் பிரயாண நூல்கள். மூன்றாவது புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. இவற்றுள் எதுவும் அண்மையில் எழுதப்பட்டதன்று. எனினும் இதுகாறும் படித்திராத எனக்கு மூன்றும் புத்தம் புதியவை. யாரோ வகுத்துத் தந்த ஜாபிதாவைப் பார்த்து நான் இவற்றை எடுக்கவில்லை. முதற் புத்தகம் இரண்டாவதன் வாசலில் கொண்டுபோய் விட்டது, இரண்டாவது மூன்றாவதன் வாசலில் விட்டது, அவ்வளவே. ஆனால் மூன்றையும் அடுத்தடுத்துப் படித்துக்கொண்டு போகையில், இம்மூவரையும் ஒன்று சேர்க்கும் இழை ஒன்று இருப்பது மெல்ல மெல்லப் புலப்பட்டது. மூவரும் மடத்திலோ கலாசாலையிலோ இலக்கணம் பயின்று பண்டிதரானவர்கள் அல்லர்; கடையும் கிடங்கும் கப்பலும் சரக்கும் வட்டியும் வரவு செலவுமாக வாழ்ந்த சமூகத்தின் நடுவே வளர்ந்து, தேதியையும் இடத்தையும் அளவையும் ஆளின் பெயரையும் விடாமல் குறித்துக்கொள்ளும் பழக்கம் கையோடு ஊறியவர்கள். அந்தக் கணக்குக் கையின் பழக்கமே இவர்களுடைய வசனத்துக்கு உயிர்நாடியாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். தமிழ் உரைநடையின் சரித்திரத்தை எழுதுவோர் இந்தக் கையைப் போதிய அளவு கவனித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

சிங்காரத்தின் பெயரை நான் நெடுங்காலமாகக் கேள்விப்பட்டிருந்தேன். நல்ல வாசகர் பலர் அவரைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஏதோ தங்கள் குடும்பச் சொத்தைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வார்கள். சிங்கம்புணரியில் 1920இல் பிறந்த அவர், பதினெட்டு வயதில் கப்பலேறி, அந்நாளில் டச்சுக்காரரின் ஆட்சியிலிருந்த சுமத்ரா தீவின் மைடான் நகருக்குச் சென்று, அங்கே வட்டிக்கடை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தார். மகாயுத்தத்தையும் ஜப்பானியரின் ஆதிக்கத்தையும் கண்ணாரக் கண்டு, மனைவியை அந்நிய மண்ணிலேயே பறிகொடுத்து, 1946இல் தாயகம் திரும்பியவர், பிறகு மதுரையில் 'தினத்தந்தி' நாளிதழில் பணிபுரிந்துகொண்டு, ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையொன்றில் தனியாளாகவே பல்லாண்டுகள் வாழ்ந்து 1997இல் காலமானார். அவர் எழுதிய நாவல்கள் இரண்டே. முதல் நாவலாகிய 'கடலுக்கு அப்பால்' கலைமகள் பரிசு பெற்று 1959இல் வெளிவந்தது. இரண்டாவதாகிய 'புயலிலே ஒரு தோணி' எழுதப்பட்டு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் பதிப்பாளர் கிடைக்காமல் காத்திருந்து 1972இல்தான் அச்சேறியது. அச்சேறிய பின்னும் அதைப் படித்துப் போற்றியவர் மிகச் சிலரே. இத்தகைய ஒரு நாவலை எழுதிய மனிதர், அதைப் பற்றிப் பேசுவதற்கு ஆளில்லாமல், நாள்தோறும் செய்திகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

கடல் கடந்த வட்டிக்கடை என்பது எப்படிப்பட்ட இடம் என்பதைச் சிங்காரத்தின் பக்கங்களில் படித்த பிறகே நான் உள்ளபடி அறிந்தேன். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கிட்டங்கி என்று வழங்கிய நீண்ட கூடத்தில், மேஜையும் நாற்காலியும் இன்றி, தரையில் பாய் விரித்து, முன்னே சாய்வான கைப்பெட்டியை வைத்துக்கொண்டு, பல கடைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு கடை. பகலில் லட்சக்கணக்கில் பணம் புரண்ட அதே பாயில் இரவில் அவர்கள் படுத்து உறங்குவார்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாக அமைந்த அந்த உலகத்தில், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஒருவர் மூன்றாண்டு வேலை பார்ப்பதற்கு ஒரு கணக்கு என்று பெயர். குறிப்பும் பேரேடும் ஐந்தொகையும் சரியாக இருந்தால் மனிதன் சரியாக இருக்கிறான். அதில் ஒரு சதம் உதைத்தால், அது அகப்படும் வரையில் இரவில் விளக்கணைவதில்லை. 'கடலுக்கு அப்பால்' நாவலில் வயிரமுத்துப் பிள்ளை என்ற முதலாளி, தம் கடையில் வேலை பார்த்த செல்லையா நேதாஜியின் படையில் சேர்ந்து துப்பாக்கி பிடித்துத் திரும்பிய பின், அவன் இனிப் பேரேட்டுக்கு உதவமாட்டான் என்று தீர்மானித்து, தம் மகள் மரகதத்தை அவனுக்குக் கொடுக்க மறுத்துவிடுகிறார். வயிரமுத்துப் பிள்ளை கொடியவர் அல்லர். தம் தொழிலின் தர்மத்தை அறிந்தவர். அவருடைய நியாயமும் நம் நெஞ்சில் படும்படி எழுதியிருப்பதில்தான் ஆசிரியரின் பெருமை விளங்குகிறது.

'புயலிலே ஒரு தோணி' இதைக்காட்டிலும் பெரிய வீச்சுடையது. மைடானுக்குள் 1942இல் ஜப்பானியத் துருப்புகள் நுழையும் நாளின் கொந்தளிப்பில் தொடங்கி, பினாங்கு, இந்திய தேசிய ராணுவம், சரணாகதி, மீண்டும் சுமத்ரா, டச்சுக்காரரை எதிர்த்து மலைக்காடுகளில் நடக்கும் கெரில்லாப் போர் என்று கதை விரிந்துகொண்டே போகிறது. நாயகனாகிய பாண்டியன் இவை எல்லாவற்றினூடும், எங்கும் ஒட்டாமலும் எதற்கும் அஞ்சாமலும் நடந்து செல்கிறான். யுத்த காலத்தில் மலாக்கா ஜலசந்தியைத் தொங்கான் என்னும் சரக்குத் தோணியில் ஏறிக் கடக்கையில் புயலில் அகப்படும் பகுதியை நான் மூன்று இரவுகள் விட்டுவிட்டுத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதுவரை அமைதியாகவும் சற்று ஏளனமாகவும் நடந்து வந்த வாக்கியங்கள் அங்கே திடீரென்று கட்டவிழ்ந்து, எழுவாய் ஓரிடத்திலும் வினை ஓரிடத்திலுமாகச் சிதறி, சொல்லின்மேல் சொல் வந்து மோதுகின்றன. கடல் எழும்போது வாக்கியமும் எழுகிறது. தோணி விழும்போது நம் வயிறும் குழிகிறது. புயலைப் பற்றிய வர்ணனை என்று அதைச் சொல்வதற்கில்லை. புயலுக்குள் அகப்பட்டவனின் செவியும் கண்ணும் எதை எந்த வரிசையில் வாங்கினவோ அந்த வரிசையிலேயே தந்திருக்கிறார். உயிர் போகும் தறுவாயிலும் கணக்கு விடாத கை அது.

அந்தக் கையின் மற்றொரு வேலையையும் சொல்ல வேண்டும். மதுக்கோப்பைகளின் நடுவே, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்துகொண்டு, பாண்டியன் மதுரைத் தெருக்களையும் சின்னமங்கலத்துச் சந்தையையும் நினைவுகூர்கிறான். பொதுவாக இத்தகைய இடங்களில் நாவலாசிரியர்கள் தாயகத்தின் அருமையைப் பற்றி உருக்கமாக நாலு வார்த்தை எழுதுவார்கள். சிங்காரம் அவ்வாறு எழுதுவதில்லை. எந்தத் தெருவில் எந்தக் கடைக்கு அடுத்து எந்தக் கடை, எந்த மூலையில் யார் என்ன விற்றார், சந்தையில் எந்த ஊர்ச் சரக்கு எந்தப் பக்கம் இறங்கியது என்று சரக்கு இருப்பைச் சரிபார்ப்பதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்துக்கொண்டே போகிறார். ஏக்கம் என்ற சொல்லை எழுதாமலே படிப்பவன் ஏங்கிப் போகிறான். இந்த நாவலில் எனக்கு முழு உடன்பாடில்லாத இடங்களும் உண்டு. இலக்கியத்தைப் பற்றியும் தமிழ்ப் பெருமையைப் பற்றியும் நண்பர்கள் நடத்தும் விவாதங்கள் சில இடங்களில் கதையை நிறுத்தி வைத்துவிடுகின்றன. பெண்கள் அனைவரும் நிழல்போல் வந்து நிழல்போல் போகிறார்கள். பாண்டியனுக்கு எல்லாம் கைகூடிவிடுகிறது. ஆயினும் தமிழில் உலகம் இவ்வளவு அகலமாகத் தெரியும் நாவல் வேறொன்றை நான் படித்ததில்லை.

சிங்காரத்தை முடித்த கையோடு, அந்தக் கடல்வழிகளில் அக்காலத்தில் சென்று வந்த தமிழர்கள் வேறு யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கினேன். அந்தத் தேட்டந்தான் ஏ. கே. செட்டியாரிடம் கொண்டு சேர்த்தது. கோட்டையூரில் 1911இல் பிறந்த செட்டியார், ரங்கூனில் 'தனவணிகன்' பத்திரிகையை நடத்தி, டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை கற்றவர். 1937இல் மகாத்மா காந்தியைப் பற்றி ஒரு முழுநீள வரலாற்றுப் படம் எடுக்கவேண்டும் என்று சங்கற்பம் செய்துகொண்டார். காந்தியடிகள் தமக்காகக் காமிராவின் முன் வந்து நிற்பவர் அல்லர் என்பதை அறிந்து, உலகின் பல மூலைகளில் பலர் பல காலத்தில் எடுத்து வைத்திருந்த துண்டுப் படங்களைத் தேடித் தொகுப்பது என்ற வழியை மேற்கொண்டு, இங்கிலாந்து, ஐரோப்பா, தென்னாப்பிரிக்கா என்று ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் சுற்றினார். கோகலே 1912இல் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றபோது எடுக்கப்பட்ட படச்சுருளைக்கூட அவர் தேடிப் பிடித்தார். இவ்வாறு திரட்டிய 50,000 அடிப் படத்தைச் சுருக்கி 12,000 அடியாக்கி 1940 ஆகஸ்டில் வெளியிட்டார்.

இந்த வேலையில் அவருக்கு வந்த இடர்களைக் 'குமரி மலர்' பத்திரிகையில் பின்னாளில் தொடராக எழுதினார், ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2003இல் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூலாக அது வெளிவந்தது. வேறு யாராயினும் இந்த சாகசத்தைச் சொல்லும்போது ஒவ்வொரு பக்கத்திலும் தாமே நின்றிருப்பார்கள். செட்டியாரோ தம்மைப் பற்றிச் சொல்ல நேரும்போதெல்லாம் கூச்சத்தோடு விலகி நின்று, உதவியவரின் பெயரை முன்னே நிறுத்துகிறார். யார் வீட்டில் எந்தப் படம் இருந்தது, அதைப் பெற யாரிடம் கடிதம் வாங்கவேண்டியிருந்தது, அவர் என்ன கேட்டார், இவர் என்ன சொன்னார் என்று விவரங்களே பேசுகின்றன, வாக்கியங்கள் சிறியவை, அடைமொழிகள் அருகியே வருகின்றன. 1940இல் வெளியான 'உலகம் சுற்றும் தமிழன்' நூலிலும் இதே குணம். அயல்நாட்டைப் பார்த்து வாய் பிளப்பதும் இல்லை, நம் நாட்டோடு ஒப்பிட்டு நொந்துகொள்வதும் இல்லை. பார்த்தது என்ன, விலை என்ன, எதிரே வந்தவர் என்ன பேசினார் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்களைத் தூரதேசங்களில் அவர் சந்தித்து எழுதும் பகுதிகளில் மட்டும், அந்த அடக்கத்தின் அடியில் துயரம் ஓடுவதைக் காணலாம். இந்த அடக்கம் சில இடங்களில் அளவு மீறியதென்றும் சொல்லத்தான் வேண்டும். ரோமெய்ன் ரோலந்தைப் போன்ற மகான்களைச் சந்தித்தவர் இன்னும் பத்துப் பக்கம் எழுதியிருக்கலாகாதா என்று மனம் அடித்துக்கொள்கிறது.

1943இல் அவர் தொடங்கிய 'குமரி மலர்' தனியாகச் சொல்லத்தக்கது. மறைந்துபோன பத்திரிகைகளிலிருந்தும் பழைய நூல்களிலிருந்தும் பாதுகாக்க வேண்டிய கட்டுரைகளையும் செய்திகளையும் தேடியெடுத்து மறுபடியும் அச்சிட்டுக்கொண்டே வந்த பத்திரிகை அது. 1983இல் அவர் காலமாகும் வரையில் அந்தத் தொண்டு நடந்தது. அதன் பழைய இதழ்களைச் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் படித்தேன். அந்த நூலகத்தின் மூல சேகரத்தைத் திரட்டிய ரோஜா முத்தையாவும் கோட்டையூர்க்காரரே. பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த அந்த மனிதர், தம் வீடு நிறையும் வண்ணம் புத்தகங்களும் சஞ்சிகைகளுமாக ஏறத்தாழ ஒரு லட்சத்தைச் சேர்த்து வைத்துவிட்டு 1992இல் மறைய, 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கித் தமிழ்நாட்டிலேயே நிலைபெறச் செய்தது. ஒரே ஊரில் பிறந்த இருவர், ஒருவர் உலகமெல்லாம் அலைந்தும் மற்றவர் வீட்டைவிட்டு அதிகம் நகராமலும், ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். அங்கே சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் சிறிது நேரமும், பழுப்பேறி ஓரம் உதிரும் இதழ் ஒன்று கைக்கு வந்து, அதன் அட்டவணையில் விரலை ஓட்டும் கணமும் எனக்கு அளித்த ஆனந்தத்தை வேறெதற்கும் ஈடாகச் சொல்லமாட்டேன்.

'குமரி மலர்' கொடுத்த பழம் ஆவணச் சுவைதான் ஆனந்தரங்கப் பிள்ளையை எடுக்கச் செய்தது. 1709இல் பிறந்து, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியாரிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்துப் பேசும் தரகராக, உயர்ந்து, கவர்னர் துய்ப்ளேயின் வலக்கையாக விளங்கி, புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாட்களே இருக்கையில் 1761 ஜனவரியில் உயிர்நீத்த இவர், 1736 செப்டம்பர் முதல் தம் கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எழுதிக்கொண்டே வந்தார். அது யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 1846இல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரரால் வெளிச்சத்துக்கு வந்தது. சென்னை அரசாங்கம் 1904 தொடங்கி 1928 வரை 12 தொகுதிகளில் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. பிரபஞ்சன் இதிலிருந்தே 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ஆகிய நாவல்களைப் படைத்தார். பிள்ளையின் தமிழைப் பிள்ளையின் தமிழாகவே படிப்பது வேறு அனுபவம். முதற் சில பக்கங்கள் கரடுமுரடாகவே இருக்கும்; முற்றுப்புள்ளி காணாத வாக்கியம், முசே என்றும் மதாம் என்றும் கோன்சேல் என்றும் கலந்து வரும் பிரெஞ்சு, இங்கிலீஷ் மாதமும் தமிழ் மாதமும் கிழமையும் நாழிகையும் அடுக்கிய தலைப்பு. சிறிது பொறுமையோடு உள்ளே போய்விட்டால், கோட்டையில் எத்தனை பீரங்கி முழங்கியது, எந்தக் கப்பல் எந்தத் துறையிலிருந்து வந்து நங்கூரமிட்டது, என்ன சரக்கு இறங்கியது, யாருக்கு எத்தனை கஜம் சகலாத்து வெகுமதியாகக் கொடுத்தார்கள் என்று அந்தப் பட்டினம் நம்மைச் சுற்றி எழுந்து நடமாடத் தொடங்கிவிடும்.

1745இல் ஒழுகரையில் கனகராய முதலியார் தேவாலயம் ஒன்றைக் கட்டி, அதன் திறப்பு விழாவுக்கு ஊரையே அழைத்து விருந்திட்டதைப் பிள்ளை எழுதியிருக்கும் குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதலியார் கிறிஸ்தவர், கும்பினியாரிடம் தலைமைத் துபாஷி உத்தியோகத்தில் இருந்தவர், பிள்ளையோ அந்த உத்தியோகத்துக்கு அடுத்து வரக்கூடியவர், இருவருக்கும் உள்ளூரப் போட்டி. ஐரோப்பியருக்கு எங்கே பந்தி, பிராமணர் சமைத்த உணவு யாருக்கு, யார் எந்தக் கொட்டகையில் இறங்கினார்கள் என்று ஒவ்வொன்றையும் குறித்துவிட்டு, இவ்வளவு செலவு செய்தும் அவரவர் ஆசாரப்படியே நடந்த இந்த விருந்து எத்தகையது என்று தம் கருத்தையும் எழுதி வைக்கிறார். மதமும் ஜாதியும் பதவியும் பணமும் ஒரே தோப்பில் ஒரு பகல் முழுவதும் எப்படி ஒன்றையொன்று உரசாமல் பார்த்துக்கொண்டன என்பதை அறிய, இதைவிடத் தெளிவான பக்கம் ஒன்று அந்த நூற்றாண்டில் தமிழில் இருக்குமா என்பது சந்தேகமே.

எல்லாப் பக்கங்களும் இவ்வாறு சுவைபட இருப்பதில்லை. 1743ஆம் ஆண்டுக் குறிப்புகளில், ஏழைகளை ஏமாற்றிப் பிடித்துத் தலையை மழித்து, கறுப்புத் துணி உடுத்தி, காலில் விலங்கிட்டு அடிமைகளாகக் கப்பலேற்றிய கொடுமை வருகிறது. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அன்று மேற்கொண்டு படிக்க என்னால் இயலவில்லை. 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட நேரத்தில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபோது, அதைத் தடுக்க இயலாமல் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையின் மனம் பட்ட பாட்டை அவர் எழுத்தே காட்டுகிறது. பதவியில் இருப்பவனின் கையாலாகாத்தனத்தை இவ்வளவு உண்மையாக எழுதிவைத்த அதிகாரி அரியவர். தம் புகழைத் தாமே எழுதிக்கொள்வதும், துய்ப்ளேயின் மனைவியின் மேல் வஞ்சம் கொட்டுவதும், ஜாதிப் பெருமை பேசுவதும் இவரிடம் நிறைய உண்டு. அவற்றை நீக்கிவிட்டுப் படிக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பேரேட்டில் பற்றையும் வரவையும் சேர்த்துத்தானே பார்க்கவேண்டும்?

தமிழின் முதல் நாவலாகிய, வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. அதற்கு 143 ஆண்டுகளுக்கு முன்பே ரங்கப் பிள்ளையின் வசனம் தொடங்கிவிட்டது. ஆனால் வீட்டுக்குள் பூட்டிக் கிடந்த எழுத்தாகையால் பின்வந்தோர் எவரும் இதைப் பார்த்து எழுதக் கற்கவில்லை. செட்டியாரும் சிங்காரமும் ரங்கப் பிள்ளையின் சீடர்கள் என்று சொல்வதற்கில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துப் பழகாமலே மூவரும் ஒரே விதமாகப் பார்க்கப் பழகியிருப்பதுதான் எனக்கு ஆச்சரியத்தை அளிக்கிறது. பண்டிதரின் வசனம் செய்யுளிலிருந்து இறங்கி வந்தது. அது எவ்வளவு இறங்கினாலும் ஓசையின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டே இருக்கும். கணக்கரின் வசனத்துக்கு அந்தப் பாரம் இல்லை. கண்ணெதிரே உள்ள பொருளுக்குப் பெயர் என்ன, அது எவ்வளவு, யாருடையது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை எழுதினால் போதும் என்று அது தொடங்குகிறது. பிறகு தன்னை அறியாமலே ஒரு நகரத்தையும் ஒரு யுத்தத்தையும் எழுதிவிடுகிறது. பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் உரைநடை என்று சொல்லிப் பாடம் வைப்பவர்கள், ரங்கப் பிள்ளையின் ஒழுகரை விருந்தையும், செட்டியார் படம் தேடிய அத்தியாயம் ஒன்றையும், சிங்காரத்தின் தொங்கான் பயணத்தையும் அருகருகே வைத்து மாணாக்கர்களைப் படிக்கச் செய்வார்களானால், தமிழில் எப்படிப் பார்த்து எழுதுவது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் தேவையில்லை.

நாட்குறிப்பு இன்னும் எனக்கு முடியவில்லை; நாளொன்றுக்குச் சில பக்கங்களுக்கு மேல் படிக்கக் கூடாத நூல் அது. இதனிடையே அடுத்த புத்தகமும் மேஜைக்கு வந்துவிட்டது. புதுச்சேரியின் நயினாராக, அதாவது ஊர்க்காவலின் தலைவராக இருந்த இரண்டாம் வீரா நாயக்கர் 1778 முதல் 1792 வரை எழுதிய நாட்குறிப்பு அது, ஒர்சே மா. கோபாலகிருஷ்ணன் பதிப்பித்தது. ரங்கப் பிள்ளை விட்ட இடத்துக்குப் பல ஆண்டுகள் தள்ளி இது தொடங்குகிறது; எழுதியவர் வியாபாரி அல்லர், காவல் அதிகாரி; ஆகவே சரக்கின் விலைக்குப் பதிலாகத் திருட்டும் வழக்கும் ஊர்ச் சச்சரவும் கண்முன் வரக்கூடும் என்று எதிர்பார்க்கிறேன். பாரிஸ் நகரத்தில் நடந்த புரட்சியின் அலை வங்கக் கடற்கரையில் வந்து மோதிய ஆண்டுகளும் இதற்குள் அடங்கும். ஊர்க்காவலுக்குத் தலைவராக இருந்த ஒரு தமிழர், ராஜாவும் பிரஜையும் சமம் என்ற பேச்சைக் காதில் வாங்கி, அதை எந்தச் சொற்களில் எழுதி வைத்தார் என்று பார்க்கவேண்டும்.